தூத்துக்குடி ஸ்பிளெண்டரில் முறிந்த சைலன்சர் ஸ்டட்: ஒரு நிகழ்வு ஆய்வு

குறை

வண்டி, கார்புரேட்டர் காலத்து ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர். சொந்தக்காரர் தூத்துக்குடியில் விடியற்காலையில் மீன் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது, சத்தம் கூடிவிட்டது, வலது கால் பக்கம் புகை நெடி அடிக்கிறது என்று என் பட்டறைக்கு வந்தார்.

குனிந்து பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. சிலிண்டரின் மூடியான ஹெட்டில் சைலன்சர் சேரும் வாயைச் சுற்றி, சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்களில் கரி படிந்திருந்தது. சைலன்சரைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் (இரு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) ஒன்று ஹெட்டின் முகத்தோடு முறிந்து, நட்டும் முனையும் ரோட்டில் எங்கோ விழுந்துவிட்டன. மற்றதில் நட்டு இருந்தது. ஆனால் ஸ்பேனர் பிடிக்க மூலை எதுவும் மிஞ்சாமல் துருவில் உருண்டு போயிருந்தது.

ஆக்சிலேட்டரை விட்டால் ஏன் வெடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர். எஞ்சினிலிருந்து புகை சீராக வருவதில்லை, அலை அலையாக வருகிறது. ஒரு அலை கடந்ததும் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிற கணம் ஒன்று உண்டு. ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் அடைக்கும் பேக்கிங் வளையம் சரியாக உட்கார்ந்திருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. இடைவெளி இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே பற்றிக்கொள்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லையும் கூட வரும். ஆக்சிஜன் சென்சார் அந்த வெளிக்காற்றைக் கண்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தப்பாகச் சொல்லும். அது பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் இறங்கும். இந்த வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்பிளெண்டரில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. கார்புரேட்டர் மேலே, சைலன்சர் வாய் கீழே. அதனால் ஸ்டட் இரண்டும் தரையைப் பார்த்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் நிற்கின்றன. சேறு, மழைத் தண்ணீர், உப்பளத்துச் சாலை மண் என்று சக்கரம் அள்ளுவதெல்லாம் அங்கேதான் அடிக்கும். வண்டியை நிறுத்தினால் எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்து உப்பு மட்டும் தங்கும். மறுநாள் திரும்ப ஈரம். உப்பு நீர், அலுமினிய ஹெட், எஃகு ஸ்டட் மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரைக்குள் நின்று ஸ்டட்டை இறுக்கிவிடுகிறது. வெளியே தெரியும் பகுதியிலோ எஃகு துருப்பிடித்து மெலிகிறது. உள்ளே கழலாத இறுக்கமும் வெளியே ஒடியத் தயாரான மெலிவும் ஒரே ஸ்டட்டில் சேர்ந்துவிடுகின்றன.

முறிந்த முகம்

"தம்பி, போன மாசம் பேக்கிங் மாத்துனாம்லா, அவன்தான் போட்டு முறுக்கி ஒடிச்சிருக்கான். நேரா போயி கேக்கப் போறேன்" என்றார்.

"கேளுங்க அண்ணாச்சி. அதுக்கு முந்தி ஒடிஞ்ச எடத்தைப் பாத்துக்கிடுவோம்" என்றேன்.

கரியைத் துடைத்து, டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தபோது முறிந்த முகத்தில் இரண்டு நிறம் தெரிந்தது. ஒரு ஓரத்திலிருந்து பிறை வடிவில், பாதிக்கு மேல், பழுப்பேறி வழவழவென்று இருந்தது. அதில் கரையில் அலை விட்டுப்போன தடம் மாதிரி மெல்லிய வளைவுகள். எதிர் ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக, புது உலோகத்தின் சாம்பல் நிறத்தில் இருந்தது. பழுப்பேறிய பகுதி எப்போதோ கீறல் விட்டு, நாள்பட்டு வளர்ந்து, துரு குடித்தது. சாம்பல் நிறப் பகுதி கடைசியில் மிச்சமிருந்தது. பாரம் தாங்காமல் ஒரே நேரத்தில் அறுந்தது.

முறுக்கி ஒடித்த ஸ்டட் இப்படி இருக்காது. முகம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும், வரிகள் சுழி போட்டிருக்கும், பக்கத்து மரை இழுபட்டு நீண்டிருக்கும். இது களைப்பு முறிவு. திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து அறுந்தது. அப்படியானால் எது வளைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

பதில் வண்டியின் பின்பக்கம் இருந்தது. ஸ்பிளெண்டரில் பென்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டு. முன்னால் இரண்டு ஸ்டட்டும் பின்னால் மவுண்ட் போல்ட்டும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். இந்த வண்டியில் பின் போல்ட்டைக் காணோம். அந்த இடத்தில் கட்டுக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பி சைலன்சரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும், ஆடாமல் பிடிக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் சைலன்சரின் வால் குதிக்க, அவ்வளவு நீள நெம்புகோலின் விசை முழுவதும் 6 மில்லி ஸ்டட்டின் அடியில் போய் இறங்கியிருக்கிறது. ஐஸ் பெட்டி பாரம் வேறு.

இறுக்கினால் ஸ்டட் ஒடியும் என்று பயந்து நட்டை லூசாக விடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். உண்மையில் களைப்பில் முறிவது பெரும்பாலும் லூசாக விட்ட ஸ்டட்தான். அளவோடு இறுக்கியிருந்தால் பைப்பின் முனையிலுள்ள ஃபிளாஞ்ச் தட்டும் ஹெட்டும் ஒரே உடம்பாகி ஆட்டத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். லூசாக இருந்தால் முழு ஆட்டமும் ஸ்டட்டுக்குத்தான். ஆகவே போன மாசம் பேக்கிங் மாற்றிய ஆள் முறுக்கி ஒடித்தான் என்ற குற்றச்சாட்டு நிற்காது. கம்பியைப் பார்த்தும் பார்க்காததுபோல் வண்டியைக் கொடுத்தான் என்பது நிற்கும். அண்ணாச்சியிடம் இரண்டையும் சொன்னேன். கம்பி கட்டியது யாரென்று கேட்டதும் அவர் ஐஸ் பெட்டியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இரண்டாவது ஸ்டட்

இந்த வேலையில் நான் மிகவும் கவனமாக இருந்த இடம் முறிந்த ஸ்டட் இல்லை, முறியாத ஸ்டட். ஆத்திரத்தில் அதில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் ஒரு வேலை இரண்டாகிவிடும். முறியாமல் இருக்கும்வரைதான் அது நமக்கு அளவுகோலும்கூட. ஓட்டை எந்தக் கோணத்தில் போகிறது, எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நட்டில் மூலையே இல்லாததால் முறுக்கிப் பார்க்கவில்லை. சின்ன கிரைண்டரில் நட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மரை தெரியும் அளவுக்கு அறுத்து, அந்தக் கீறலில் உளி வைத்து ஒரு தட்டு தட்டியதும் நட்டு விரிந்து கையோடு வந்தது. ஒரு நட்டின் விலையில் ஒரு ஸ்டட் பிழைத்தது. மூலை இருக்கும் நட்டாக இருந்தால் வேறு வழி: சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சொட்டு அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். துருவின் பிடி இறுக்கும் பக்கம் அசைத்தாலும் விடும், ஸ்டட்டும் ஒடியாது.

ஹெட்டை இறக்கியது

வண்டியிலேயே வைத்து முடித்திருக்கலாமே என்று பையன் கேட்டான். ஸ்டட் தரையைப் பார்க்கிறது. எண்ணெய் விட்டால் ஊறாமல் சொட்டிவிடும், வெல்டு வைத்தால் உருகியது நம் முகத்தைப் பார்த்து விழும், டிரில் நேராகப் பிடிக்க இடம் இல்லை. ஹெட்டை மேஜையில் கவிழ்த்தால் மூன்றும் சரியாகிவிடும். ஹெட் பேக்கிங் செலவு ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

மேக்னட்டில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை நேர்வைத்து, கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக வந்ததைப் பார்த்து, டைமிங் செயினைக் கம்பியில் கட்டி உள்ளே விழாமல் மாட்டிவிட்டு இறக்கினோம். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். செம்பு வாஷர் எந்த நட்டில் இருந்தது என்று குறித்துக்கொள்வதும் அவசியம். இடம் மாறினால் ஆயில் கசியும். வால்வுகளையும் ரப்பர் சீல்களையும் எடுத்துவிட்டோம், ஹெட்டைச் சூடுகாட்டப் போகிறோம் என்பதால்.

எண்ணெய்க்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்து வைத்திருக்கிறேன். டீசலும் பிரேக் ஆயிலும் விடுகிறவர்கள் உண்டு, அவை இந்த அளவு உள்ளே இறங்குவதில்லை. முறிந்த முகத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, நடுவில் பஞ்ச் வைத்து மெல்ல மெல்லத் தட்டினோம். தட்டுவது கழற்றுவதற்காக இல்லை, பொடியில் வெடிப்பு விழ.

வெல்டு

முறிந்த ஸ்டட்டின் முகத்தில் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதில் ஸ்பேனர் போட்டுக் கழற்றுவதுதான் திட்டம். மறுநாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, சூட்டில் காயவிட்ட பிறகே வெல்டிங் பட்டறைக்குப் போனோம். அசிட்டோன் மிச்சம் இருந்தால் பற்றும். அதைவிட மோசமானது, ஸ்ப்ரே டப்பாவில் வரும் சில பிரேக் கிளீனர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்து, காயாத இடத்தில் வெல்டு வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். நட்டும் வெள்ளை முலாம் பூசியதாக இருக்கக்கூடாது. துத்தநாகப் புகை மார்பை அடைக்கும், வெல்டும் பொத்தல் விழும். கறுப்பு நட்டு எடுத்துக்கொண்டோம்.

6 மில்லி ஸ்டட்டுக்கு 8 மில்லி நட்டு. ஓட்டை பெரிதாக இருப்பதால் வெல்டு அடிவரை இறங்கி ஸ்டட்டின் முகத்தைப் பிடிக்கும். 6 மில்லி நட்டு வைத்தால் வெல்டு நட்டின் உதட்டோடு நின்றுவிடும். சைலன்சர் வாயிலும் பிளக் ஓட்டையிலும் ஈரத்துணி அடைத்தாயிற்று, பொறி உள்ளே போய் வால்வு சீட்டில் ஒட்டக்கூடாது. சிஓ2 வெல்டிங்கில் முதலில் ஸ்டட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்து, அதை மேடாக்கி, பிறகு நட்டை மேலே வைத்து உள்ளிருந்து நிரப்பினார் வெல்டர். எஃகு வெல்டு அலுமினியத்தோடு சேராது என்பது இதில் நமக்குள்ள பெரிய சலுகை. ஆனால் சூடு எல்லை மீறினால் ஆபத்து. எஃகு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே 600 டிகிரியை ஒட்டி இளகிவிடும்.

முதலில் வைத்த நட்டு ஸ்பேனர் போட்டதும் பிய்ந்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 'போச்சு' என்றார்கள். போகவில்லை. வெல்டில் பாதி பயன் பிடிப்பு, மீதிப் பாதி சூடு. ஒருமுறை சிவக்கச் சுட்டு ஆறியதில் ஸ்டட் விரிந்து சுருங்கி, பொடியை நொறுக்கியிருக்கும். முகத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த நட்டு வைத்தோம். சிவப்பு மறைந்து கருத்ததும் ஒரு மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் ஓரத்தில் வைத்தோம். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்பட்டது. பிறகு 13 ஸ்பேனர். இழுத்துப் பார்க்கவே இல்லை, இப்படி ஒரு சிறு அசைவு, அப்படி ஒரு சிறு அசைவு. கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெள்ளைப் பொடியோடு முழுதாக வெளியே வந்தது.

மற்ற ஸ்டட்டுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஹாட் பிளேட்டில் ஹெட்டை, ஒரு சொட்டுத் தண்ணீர் துள்ளி ஓடும் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரட்டை நட்டு போட்டு, அதாவது இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கித் திருப்பியதும் வந்தது. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கணக்குப் போட்டால் 100 டிகிரிக்கு 6 மில்லி ஓட்டையில் கூடுதலாகக் கிடைக்கும் இடம் 0.007 மில்லிதான். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். பொடி இறுக்கிய மரைக்கு அது போதும்.

வெல்டு பிடிக்காத இடத்தில்

ஸ்டட் ஆழத்தில் முறிந்திருந்தால் டிரில்தான் வழி. முறிந்த முகம் சாய்வாக இருப்பதால் சென்டர் பஞ்ச் வழுக்கும், பிட் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். லேத்தில் ஒரு சின்ன புஷ் (நடுவில் ஓட்டை உள்ள குழாய்த் துண்டு) கடைந்து, சைலன்சர் ஃபிளாஞ்சின் ஓட்டையில் அதைச் செருகி, ஃபிளாஞ்சை மற்ற ஸ்டட்டில் மாட்டி வழிகாட்டியாக வைப்பது நல்ல முறை. 3 மில்லியில் தொடங்கி, 4, கடைசியில் 5. நடு சரியாக விழுந்திருந்தால் 5 மில்லிக்குப் பிறகு ஸ்டட்டின் மரை மட்டும் ஸ்பிரிங் போல மிஞ்சும், அதை ஊசியால் சுற்றி எடுத்துவிடலாம். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. துளைக்கும்போதே சில நேரம் ஸ்டட் தானாகக் கழன்று வரும்.

முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே முறுக்கி இறக்கிக் கழற்றும் ஈஸி அவுட்டை மட்டும் இந்த அளவு ஸ்டட்டில் நான் தொடுவதில்லை. அது கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். 6 மில்லி ஸ்டட்டுக்குப் போகிற ஈஸி அவுட் பென்சில் கூர் தடிமன்தான். எஃகிலேயே கடினமானது, வளையாது, ஒடியும். ஒடிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. பிறகு கோயம்புத்தூர் மாதிரி டூல் ரூம்கள் உள்ள ஊரில் ஸ்பார்க் எரோஷன் போட்டு, மின்பொறியால் அரித்துத்தான் எடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி, படிகாரம். படிகாரக் கரைசலைச் சூடாக வைத்திருந்தால் அது எஃகை மெல்ல மெல்லத் தின்னும், அலுமினியத்தை விட்டுவிடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் ஒடிந்த திருகுகளை எடுக்கப் பயன்படுத்தும் முறை. ஹெட்டை முழுக்க முக்கினால் உள்ளே இருக்கும் எஃகு, இரும்பு பாகங்களையும் அது தின்னும் என்பதால், ஸ்டட் ஓட்டையைச் சுற்றி மட்டும் மெழுகில் கரை கட்டி ஊற்ற வேண்டும்.

மரை

ஸ்டட் வந்துவிட்டதால் வேலை முடிந்ததாக அண்ணாச்சி நினைத்தார். ஓட்டைக்குள், மரை வெட்டும் கருவியான 6 மில்லி டேப்பைக் கையால் விட்டுச் சுத்தம் செய்தபோது வெள்ளைப் பொடியோடு அலுமினியத் துணுக்கும் வந்தது. மேல் மரைகள் அரித்துப்போய், புது ஸ்டட் உள்ளே நின்று ஆடியது. இதிலேயே மாட்டினால் இறுக்கும்போது மரை மொத்தமாகக் கழன்று வரும்.

நம் லேத் பட்டறைகளில் வழக்கமான வைத்தியம், ஹெட் பக்கம் 8 மில்லியும் நட்டு பக்கம் 6 மில்லியுமாக ஸ்டெப் ஸ்டட் கடைந்து போடுவது. ஒழுங்காகக் கடைந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் 8 மில்லிக்கு மரை போட்டால் சைலன்சர் வாயை ஒட்டிய சுவர் இன்னும் மெலிகிறது. அடுத்த முறை கெட்டால் போக இடம் இருக்காது. கடையும் கம்பியும் பெரும்பாலும் எது கையில் கிடைத்ததோ அது. நான் ஹெலிகாயில் போட்டேன், அதாவது ஓட்டைக்குள் புது மரையாக நிற்கும் எஃகுக் கம்பிச் சுருள்.

டிரில்லிங் மெஷினில் ஹெட் முகத்தை மட்டம் பார்த்து வைத்து 6.3 மில்லி. ஆழத்துக்கு பிட்டில் ஒட்டுநாடா ஒட்டிக் குறி, அளவு மற்ற ஓட்டையிலிருந்து. ஹெலிகாயிலுக்கென்று வரும் தனி டேப்பை மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு இறக்கினோம், அலுமினியத்தில் மண்ணெண்ணெய் விட்டால் மரை கிழியாமல் வழவழப்பாக வரும். 9 மில்லி நீளச் சுருளை முகத்துக்கு அரைச் சுற்றுக் கீழே நிற்குமாறு முறுக்கி, அதன் அடியில் இருக்கும் குறுக்கு நாக்கைப் பஞ்சால் தட்டி ஒடித்தாயிற்று. ஒடித்த நாக்கை வெளியே எடுக்க மறப்பவர்கள் உண்டு. அடி மூடிய ஓட்டையில் அது கிடந்தால் ஸ்டட் முழு ஆழம் இறங்காது. ஹெட்டைக் கவிழ்த்துக் காற்றடித்ததும் விழுந்தது.

மாட்டியது

ஸ்டட் இரண்டும் கம்பெனி ஸ்டட்டே. நீள போல்ட்டின் தலையை அறுத்து ஸ்டட் ஆக்குவது கண்ட இடத்தில் நடக்கிறது, எந்த எஃகு என்றே தெரியாத கம்பியை இந்தச் சூட்டில் நம்ப முடியாது. மரையில் மரை இறுகிப் போகாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவி, ஹெட்டுக்குள் அடிவரை கையால் விட்டு, இரட்டை நட்டில் லேசாக ஒரு பிடி. லாக்டைட் வகைப் பசை இங்கே வேண்டாம். சாதாரண வகை 150 டிகிரிக்கு மேல் பிடியை விட்டுவிடும். மேலே மூடிய பித்தளை நட்டு போட்டேன். பித்தளை எஃகோடு துருவில் ஒட்டாது, மூடி இருந்தால் மரை முனையில் உப்புத் தண்ணீரும் நிற்காது.

சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தபோது பழைய பேக்கிங் வளையம் ஒன்று நசுங்கி, கரி பூசி, ஹெட்டின் பாகம்போலவே உட்கார்ந்திருந்தது. போன மாசம் புதிதாகப் போட்டதை அதன்மேல்தான் வைத்திருக்கிறார்கள். ஃபிளாஞ்ச் சரியாக உட்காராததற்கும் நட்டு லூசானதற்கும் இதுவும் ஒரு காரணம். ஃபிளாஞ்சின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் இரு காதும் லேசாக வளைந்திருந்தன. வைஸில் பிடித்து நேராக்கினோம். வளைந்த ஃபிளாஞ்சை இறுக்கினால் ஸ்டட் முதல் நாளிலிருந்தே வளைந்து நிற்கும்.

ஹெட்டை ஏற்றி, டைமிங் குறிகளை நேர்பார்த்து, டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்த பிறகு சைலன்சர். இதில் வரிசை முக்கியம். ஃபிளாஞ்ச் நட்டு இரண்டும் கையால், பின் மவுண்டுக்குப் புது போல்ட்டும் கையால். சைலன்சர் தானாக எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நின்றபின், முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி 10 நியூட்டன் மீட்டர், அதாவது ஏறக்குறைய 1 கிலோகிராம்-விசை மீட்டர் அளவுக்கு இறுக்கி, கடைசியில் பின் போல்ட். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் ஒரு பக்கம் இழுபட்டே நிற்கும், அந்த இழுவை ஸ்டட்டுக்குப் போகும்.

ஸ்டார்ட் செய்து, சூடேறுமுன் சோப்புத் தண்ணீர் தெளித்தோம், குமிழி இல்லை. சைலன்சர் வாலைத் துணியால் ஒரு கணம் அடைத்தபோதும் முன்னால் உஸ் என்ற சத்தம் இல்லை, எஞ்சின்தான் திணறியது. சூடாகி ஆறியபின் நட்டுகளைத் திரும்பப் பார்த்தபோது பேக்கிங் அமுங்கியதில் ஒரு நட்டு கொஞ்சம் ஏறியது. அதன்பின் நட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டேன். அடுத்த ஆயில் சர்வீசுக்கு அண்ணாச்சி வந்தபோது கோடு பிசகவில்லை. கடற்கரை போய்வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் ஒரு வாளி அடிக்கச் சொல்லியிருந்தேன். "மீனுக்கே தண்ணி இல்ல தம்பி" என்றார். நட்டைக் கழற்றி பேஸ்ட் தடவி, திரும்ப அதே அளவுக்கு இறுக்கி அனுப்பினேன்.